இசக்கியப்பனின் முந்நூற்றிருபது வாக்கியங்கள்

ஜூன் 10, திங்கள்

சர்வர் டிஸ்க் எண்பத்தெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது. போன திங்கட்கிழமை எண்பத்திரண்டு. புது ஸ்கேன் மெஷின் யானைப் பசியில் இருக்கிறது. கூடுதல் டிஸ்க் கேட்டு மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறதோ.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பியூலா விடிந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "ஊரான் கம்ப்யூட்டரையெல்லாம் சரி பண்ணுதிய, நம்ம வீட்டு மோட்டாரப் பாக்கதுக்கு ஒரு நேரம் வரமாட்டேங்கு" என்றாள். கெப்பாசிட்டர் போயிருக்கும். வாங்க வேண்டும்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் வாராந்தரக் கூட்டம். சூப்பிரண்டெண்ட் டாக்டர் குற்றாலநாதன் என்னைப் பார்த்து, "அதென்னவே எபி, அழிச்சாலும் அழியாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதீரு? அப்படின்னா டிஸ்க் நெறையத்தான செய்யும்?" என்று கேட்டார். எபனேசர் என்ற என் முழுப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. விளக்கினேன். நம் சர்வரில் நான் போட்டிருக்கும் கோப்பு முறை, ரப்பர் இல்லாத நோட்டுப் புத்தகம். எழுதியதன் மேல் திருப்பி எழுதாது. ஒரு வரியை மாற்றினால், மாற்றிய வரியைக் கடைசிப் பக்கத்தில் புதிதாக எழுதும். பழைய வரி பழைய பக்கத்திலேயே கிடக்கும். அடிக்கடி ஓர் எண் போட்டு, 'இந்த நேரத்தில் எல்லாம் இப்படி இருந்தது' என்று தானாகவே ஓர் அடையாளமும் வைத்துக்கொள்ளும். அதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். எந்தச் செக்பாயிண்டுக்கும் திரும்பிப் போய்ப் பழையதைப் பார்க்கலாம். நோட்டு நிறைந்துவரும்போது கிளீனர் என்றொரு புரோகிராம் முன்பக்கங்களை எடுத்து, இன்னும் தேவைப்படும் வரிகளை மட்டும் கடைசியில் நகலெடுத்துவிட்டுப் பக்கத்தைக் காலி செய்யும். முப்பது நாளுக்கு உட்பட்ட செக்பாயிண்டைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஏதாவது ஒன்று நிரந்தரமாக வேண்டுமென்றால் அதை நான் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும். பூட்டியதைக் கிளீனர் எந்தக் காலத்திலும் தொடாது.

இவ்வளவு அழகாகச் சொல்லி முடித்தேன். உடனே பேச்சுப் பயிற்சிப் பிரிவின் ஷாகிரா பானு வாயைத் திறந்தாள். "எல்லாம் சரி சார். ஆனா பழச எடுத்துக் குடுங்கன்னு கேக்கணும்னா மொதல்ல எபி சாரைத் தேடி எடுக்கணும். அவரோட செக்பாயிண்ட் எல்லாம் டீக்கடையிலதான் இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மத்தியானம் அதே ஷாகிரா ஒரு துண்டுச்சீட்டோடு வந்து நின்றாள். இசக்கியப்பன், வயது ஐம்பத்திரண்டு, பஸ் கண்டக்டர், தொண்டைப் புற்றுநோய். பத்தொன்பதாம் தேதி குரல்வளையை எடுக்கிறார்கள். அதன்பிறகு பேச்சு கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னால் குரலைப் பதிவு செய்துவைத்தால், ஒரு கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து அவர் குரலிலேயே போன் பேசும்படி செய்து தருகிறார்கள். குறைந்தது முந்நூறு வாக்கியம் வேண்டுமாம். ஜூன் மூன்றும் நான்கும் உட்கார்ந்து முந்நூற்றிருபது வாக்கியம் பேசியிருக்கிறார். ஏழாம் தேதி தொண்டையில் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகு குரல் கரகரத்துவிட்டது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க ஷாகிரா அவரை இருபது வாக்கியம் பேசவைத்திருக்கிறாள். பதிவு புரோகிராம், அதே ஆளின் பெயரைத் திறந்தால் பழையதைத் துடைத்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஆக இப்போது அங்கே இருப்பது இருபது கரகர வாக்கியம் மட்டுமே. நல்ல குரல் பழைய செக்பாயிண்டில்தான் இருக்கிறது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்று வருடமாக எங்கள் வழக்கம் இதுதான். அவர்கள் பழையதன் மேலேயே பதிவு செய்வார்கள், நான் பழையதை எடுத்துக் கொடுப்பேன். தனிப் பிரதி எதுவும் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஜூன் ஆறாந்தேதி செக்பாயிண்டப் பூட்டி வச்சிருங்க சார். அடுத்த வாரம் எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

பூட்டிவிட்டேன். வேலை முடிந்தது. கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

ஜூன் 12, புதன்

ஸ்கூட்டர் பின்டயர் பஞ்சர். கெப்பாசிட்டர் கடை பூட்டிக் கிடந்தது. டீக்கடைக்கு இன்று போகவில்லை, நாளைக்கும் போவதாக இல்லை. கோபம் இல்லை என்று எழுதியிருந்தேன், இப்போதும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

காலை பதினொன்றரைக்கு ஸ்கேன் அறை சிஸ்டர் போன் செய்தார். "சார், மெஷின்லருந்து படம் ஏறமாட்டேங்கு. எடம் இல்லன்னு வருது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். பதினோரு பேர் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மயங்கிச் சாய்ந்து, அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் குற்றாலநாதன் நேரே என்னிடம் வந்தார். "ஒரு மணி நேரத்துல எடம் வேணும்வே. எப்படிச் செய்வீரோ எனக்குத் தெரியாது."

எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். முப்பது நாள் என்று வைத்திருந்த காப்புக் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். கிளீனரை முழு வேகத்தில் ஓடவிட்டேன். பழைய செக்பாயிண்டுகள் முந்நூறு நானூறாக உதிர்ந்தன. பக்கம் பக்கமாகக் காலியானது. பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் ஸ்கேன் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் டிஸ்க் அறுபத்தொரு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

டாக்டர் தோளில் தட்டினார். "ஆளு கெட்டிக்காரன்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஷாகிராவும் அங்கே நின்றாள். எனக்கு நல்லாத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஜூன் 15, சனி

ஷாகிரா காலையிலேயே வந்தாள். கையில் டம்ளரில் டீ. எனக்குத்தான்.

"அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன் சார். மனசுல வச்சுக்கிடாதீங்க. நேத்து பெரிய வேல பண்ணீங்க" என்றாள். பிறகு, "இசக்கியப்பன் அண்ணாச்சி பதிவ இன்னைக்கு எடுத்துத் தந்துருவீங்களா? கம்பெனிக்கு அனுப்பிருவேன். திங்கக்கெழமை பக்ரீத், நான் லீவு" என்றாள்.

உட்காரச் சொல்லிவிட்டு செக்பாயிண்ட் பட்டியலைத் திறந்தேன். அதில் மிகப் பழையதே நேற்றைய மத்தியானத்து நேரம்தான். அதற்கு முன்னால் ஜனவரியில் நான் பூட்டிய ஒன்று மட்டும் நின்றது. ஜூன் ஆறு இல்லை.

பூட்டியதாகத்தான் நினைவு. எண்ணை மாற்றி அடித்திருப்பேனோ என்னவோ.

"எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். செவ்வாய்க்கிழமை தாரேன்" என்றேன். டீக்கு நன்றி சொன்னேன் என்று எழுதப் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

வாராந்தரப் பிரதி டிஸ்க்கைப் பார்த்தேன். அது சனிக்கிழமை தோறும் அந்த நேரத்தில் இருப்பதை மட்டும் எடுக்கும். ஜூன் ஒன்றில் பதிவே நடக்கவில்லை. எட்டாம் தேதிக்குள் இருபது கரகர வாக்கியம் வந்துவிட்டது. நடுவில் இருந்ததற்குப் பிரதி இல்லை.

இன்னும் வழி இருக்கிறது. கிளீனர் பக்கத்தைக் காலி என்று குறித்தாலும், அதில் புது எழுத்து விழும்வரை பழைய எழுத்து கிடக்கத்தான் செய்யும். டிஸ்க்கை ஆதியோடந்தமாகத் துழாவினால் கிடைக்கும். ஆனால் அதற்கு சர்வரை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் டாக்டரிடம் காரணம் சொல்ல வேண்டும். நேற்றுத்தான் தோளில் தட்டினார். நாளை ஞாயிறு, அவ்வளவு ஸ்கேன் இருக்காது. திங்கட்கிழமை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 16, ஞாயிறு

கோயிலில் பாதிப் பிரசங்கத்தில்தான் நினைவு வந்தது, இன்று இலவசப் பரிசோதனை முகாம். ஸ்கேன் அறுபதுக்கு மேல் இருக்கும். ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

முகாமில் அறுபத்துநான்கு பேர். அவ்வளவு படமும் நான் காலி செய்த பக்கங்களில்தான் விழுந்திருக்கிறது.

சர்வர் ஓடும்போதே கொஞ்சம் துழாவிப் பார்த்தேன். ஓடுகிற சர்வரில் துழாவுவது, பெருக்கிக்கொண்டிருக்கும் வீட்டில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது மாதிரி. ஒன்றும் அகப்படவில்லை. ஷாகிரா பக்ரீத் லீவில் இருக்கிறாள். பிரியாணி கொண்டுவருகிறேன் என்று போனில் எழுதியிருந்தாள்.

பதினோரு மணிக்கு ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே ஒருவர் என்னை நிறுத்தினார். சட்டைப் பையில் விசில் சங்கிலி தொங்கியது. பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. இன்றைக்குத்தான் வார்டில் சேர்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி உலகம்மாள், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு.

"நீங்கதான கம்ப்யூட்டர் தம்பி? ஷாகிரா அம்மா சொன்னாவ" என்றார். குரல் சல்லடையில் மணல் சலிப்பதுபோல் வந்தது. "நம்ம சத்தத்தக் கேட்டீரா? திசையன்வெள பஸ்ஸுல பொறகால நிக்கிறவனுக்கும் கேக்கும் தம்பி. இருவத்தாறு வருசம். இப்பம் இப்படி ஆயிப்போச்சு."

"கேட்டேன் அண்ணாச்சி" என்றேன். கேட்டதே இல்லை.

"இவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. சிலேட்டுல எழுதிக் காட்டி என்ன புண்ணியம்? வேற எவன் சத்தத்துலயாவது போன் பேசுனா இவ பயந்துருவா. அதான் ரெண்டு நாளு ஒக்காந்து அம்புட்டையும் பேசிக் குடுத்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "பத்திரமா இருக்குல்லா?"

"பத்திரமா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

உலகம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

ஷாகிரா பிரியாணி டப்பாவோடு ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். நேரே கேட்டாள்.

"கெடச்சுதா சார்? இல்லன்னா இப்பவே சொல்லிருங்க. இன்னைக்கு மத்தியானம் அவர ஒக்கார வச்சு, கரகர கொரல்லயாவது முந்நூறு வாக்கியம் எடுத்துருவேன். நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆபரேசன்."

"கெடச்சிட்டு. காப்பி ஆகிட்டு இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். கிடைத்துவிடும் என்று நம்பினேன் என்று எழுதலாம். கொஞ்சம் நம்பவும் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனும், சோறு இன்னும் கொஞ்சம் வரும் என்றுதான் நம்புவான்.

மூன்று மணிக்கு, போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வார்டுக்குப் போகிற படிக்கட்டுவரை போனேன். ஷாகிரா எதிரே இறங்கி வந்தாள். "அவங்களப் பாத்துட்டு வாரேன். நிம்மதியா இருக்காவ" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பி நடந்தோம்.

பிரியாணி நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

ஜூன் 19, புதன்

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். நல்லபடியாக முடிந்துவிட்டதாம்.

ஜூன் 20, வியாழன்

கெப்பாசிட்டர் மாற்றினேன். மோட்டார் ஓடுகிறது.

ஜூன் 21, வெள்ளி

டாக்டரிடம், பராமரிப்பு வேலைக்கு சர்வரை நாலு மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். "நிறுத்தும்வே, இதுக்கெல்லாம் எங்கிட்ட வரணுமா?" என்றார். ஒரு வார்த்தை விளக்கம் கேட்கவில்லை. போன சனிக்கிழமை கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

ஒரு மணிக்கு நிறுத்தினேன். டிஸ்க்கை முதல் பக்கத்திலிருந்து துழாவினேன். ஒலிக் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே மாதிரி நாலெழுத்து இருக்கும். அதைத் தேடிப் போனால் போதும். ஐந்தேகாலுக்கு முடிந்தது. முந்நூற்றிருபதில் முழுதாகக் கிடைத்தவை ஒன்பது. பாதி வாக்கியங்கள் நாலைந்து. 'தெற்கு வாசல் வழியாக' என்று ஒரு குரல் ஆரம்பித்து, ஸ்கேன் படம் குறுக்கே விழுந்து, இரைச்சலாகிவிடுகிறது. அந்தக் குரலை இன்றுதான் முதல்முறை கேட்டேன். கணீரென்று இருக்கிறது. அவர் சொன்னது மிகையே இல்லை.

எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் எழுத்து விழுந்தது என்றும் பார்த்தேன். வேண்டாத வேலை. ஆனாலும் பார்த்தேன். குரல் இருந்த பக்கங்களில் போன வெள்ளிக்கிழமை விழுந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் ஞாயிறு முகாமிலும் திங்கள் செவ்வாயிலும் விழுந்தவை. சனிக்கிழமை காலை ஷாகிரா டீயோடு நின்ற நேரத்தில் நிறுத்தியிருந்தால் இருநூற்றைம்பதுக்கு மேல் பிழைத்திருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எண்ணை மாற்றி அடித்தேனா என்று தெரிந்துகொள்ள, பத்தாம் தேதி நான் சர்வரில் தட்டிய கட்டளைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். பூட்டும் கட்டளையே இல்லை. எனக்கு இது தெரியும். அன்றைக்குச் சீட்டை வாங்கி மேஜையில் இருந்த ஃபிளாஸ்க்குக்கு அடியில் வைத்தேன். டீக்கடை என்று சொன்னாள் அல்லவா, இன்னொரு தடவை தேடி வந்து கேட்கட்டும், அப்போது செய்து கொடுப்போம் என்று வைத்தேன். முப்பது நாள் அவகாசம்தான் இருக்கிறதே. பூட்டிவிட்டேன் என்று இந்த டைரியில் எழுதியிருப்பது பொய். வேறு யாரும் வாசிக்கப்போகாத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை கிளீனரை ஓடவிட்டபோதும் சீட்டு அங்கேதான் இருந்தது. ஃபிளாஸ்க்கைத் தூக்கியிருந்தால் போதும்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தவன் என்று அம்மா என்னைச் சொல்வாள். வாலையும் நான் ஆறு நாள் கழித்துத்தான் பிடித்திருக்கிறேன்.

ஜூன் 22, சனி

ஷாகிராவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சீட்டையும் காட்டினேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நான் மறுபடி வந்து கேக்கணும்னு காத்திருந்தீங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"பழசு மேலயே பதிவு பண்ணது நான்தான். பிரதி வேண்டாம்னு நீங்க சொன்னீங்க, நானும் சரின்னுட்டேன். அந்தத் தப்பு எம்மேலயும் உண்டு. ஆனா செவ்வாக்கெழம காலையில ஒங்க எதுக்க நின்னு கேட்டேனே சார். அவருக்கு இன்னும் கொரல் இருந்துச்சே." கண்ணீரைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

மன்னித்துக்கொள் என்றேன். தலையை அசைத்தாள். சரி என்றா, முடியாது என்றா தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

டாக்டர் குற்றாலநாதன் மெமோ கொடுத்தார். இந்த முறை முழுப் பெயர் போட்டிருந்தது. "ஒரு மணி நேரத்துல எடம் வேணும்னு நெருக்குனது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு வார்த்த சொல்லிருந்தா சர்வர என்னவே, ஸ்கேனையே நிறுத்தியிருப்பேன்" என்றார். வீட்டுக்காரர்களிடம் அவரே சொல்வதாகச் சொன்னார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். தொண்டைப் புண் கொஞ்சம் ஆறட்டும், அடுத்த வாரம் சொல்லலாம் என்றார்.

பியூலாவிடம் சொன்னேன். நாலு நாளாகச் சாப்பாடு இறங்காததைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு வாசிக்கவும் தெரியாதுன்னியளே" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 26, புதன்

புது டிஸ்க் வந்துவிட்டது. எட்டு டெராபைட். மார்ச்சில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலையும் பெட்டியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

காப்புக் காலத்தைத் திரும்ப முப்பது நாளாக்கினேன். பதிவு அறைக்குத் தனிப் பிரதி டிஸ்க் ஒன்று வைத்தேன். ஷாகிரா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் என்னை எதற்கும் கேலி செய்வதில்லை.

ஜூலை 1, திங்கள்

இன்று சொன்னேன்.

பத்து மணிக்கு ஷாகிராவோடு வார்டுக்குப் போனேன். இசக்கியப்பன் அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். கழுத்தின் குழியில் துணி கட்டியிருந்தது. மூச்சு அது வழியாகத்தான் போய் வருகிறது. மடியில் சிலேட்டு. என்னைக் கண்டதும் கையைத் தூக்கிச் சிரித்தார். உலகம்மாள் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, "இரிங்க தம்பி. சத்தத்தக் கொண்டாந்துட்டியளா?" என்றார்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். செக்பாயிண்ட், கிளீனர் எல்லாம் சொல்லவில்லை. ஷாகிரா அம்மா பத்திரப்படுத்தச் சொன்னார், ஒரு சின்னக் கோபத்தில் நான் செய்யவில்லை. இடம் வேண்டுமென்று எல்லாவற்றையும் அழித்தபோது அதுவும் போய்விட்டது. போனது தெரிந்த பிறகும் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். இவ்வளவுதான். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முந்நூற்றிருபதில் ஒன்பது மிச்சம் என்றேன்.

அண்ணாச்சி சிலேட்டில் எழுதி என்னிடம் காட்டினார். 'போடும்.'

லேப்டாப்பில் போட்டேன். ஷாகிரா தயாரித்த பொதுப் பட்டியலிலிருந்து அவர் வாசித்த வாக்கியங்கள். 'கடைத்தெருவில் இன்று கூட்டம் அதிகம்.' 'மணி என்ன ஆகிறது?' 'எனக்கு வெந்நீர் வேண்டும்.' 'நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது.' 'ஜன்னலைச் சாத்துங்கள்.' பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு கணீரென்ற குரல். ஒன்பதும் முடிய ஒரு நிமிடம் ஆகவில்லை. உலகம்மாள் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஷாகிரா தயங்கித் தயங்கி, போனில் வேறொரு ஆண் குரல் இருக்கிறது, அண்ணாச்சி எழுதினால் அது பேசும் என்றாள். பேசவைத்தும் காட்டினாள். செய்தி வாசிக்கிறவன் குரல். உலகம்மாள் தலையை ஆட்டிவிட்டார். "வேண்டாம் தாயி. யாரோ ஒரு ஆம்பள வீட்டுக்குள்ள வந்து பேசுத மாதிரி இருக்கு."

என்னைத் திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"ஆபரேசனுக்கு முந்துன நாள் மத்தியானம் கேட்டேன். நாளைக்கு ஆபரேசன்லா, என்னமாவது பேசிக்கிட்டு இருங்களேன்னேன். இவிய கம்ப்யூட்டர் ரூம் பக்கமாக் கையக் காட்டி, 'அதான் அங்க அம்புட்டும் இருக்குல்லாட்டீ, தொண்ட நோவுது, பொறவு ஆற அமரக் கேட்டுக்க'ன்னாவ. நானும் செரி, தூங்கட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் வர முழிச்சுத்தான் கெடந்தாவ. ஒரு வார்த்த பேசல."

அதே மத்தியானம்தான் நான் படிக்கட்டுவரை போய்த் திரும்பினேன். ஷாகிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணாச்சி சிலேட்டை எடுத்து ஏதோ எழுதினார். எழுதி, பழக்கத்தில் மனைவியிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"என்ன எழுதிருக்காவ? வாசிங்க தம்பி."

'ஏட்டி, அன்னைக்குப் பேசிருக்கணும் நான். நீ கேட்டியே' என்று எழுதியிருந்தது.

வாசித்தேன். முதல் சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். இன்னொருவர் மனைவியை, அதுவும் என்னைவிட மூத்த பெண்ணை, அந்தச் சொல்லால் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "அன்னைக்குப் பேசிருக்கணும் நான். நீ கேட்டியே" என்று மட்டும் வாசித்தேன்.

உலகம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு சிலேட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏட்டின்னு எழுதலையா?"

"எழுதிருக்காவ அக்கா" என்றேன். "மொதல்லயே எழுதிருக்காவ."